லாப் ஸ்டீல் கிட்டாருக்கான இசைக்குறிப்பு வாசிப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் லாப் ஸ்டீல் கிட்டாரை, அதாவது மடியில் கிடத்தி உருக்கு உருளையால் வாசிக்கும் ஹவாய் கிட்டாரைக் கற்க வருபவர்கள் அநேகமாக இரண்டு வழிகளில் ஒன்றால் வந்தவர்களாக இருப்பார்கள். ஒரு சாரார் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடிப் பழகி, கொப்பியில் எழுதிய ச ரி க ம வைப் பார்த்து வாசித்தவர்கள். மறு சாரார் தேவாலயப் பாடகர் குழுவில் நின்று, ஐந்து கோட்டுத் தாளைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுப் பாடியவர்கள். இரு சாராருக்கும் இசை தெரியும். ஆயினும் தாளில் இருப்பது தந்தியில் வராதபோது, "எனக்கு நொட்டேஷன் வாசிக்க வராது" என்ற ஒரே வசனத்தில் இருவரும் முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வசனத்துக்குள் வெவ்வேறு கோளாறுகள் பல ஒளிந்திருக்கும். ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றதற்கு உதவாது.

ஆகவே, பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னர் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறதென்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, தாளிலுள்ள நான்கு பார்களின் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதிகளின்) சுரப் பெயர்களை உரத்துச் சொல்லுங்கள். பின்னர் அவற்றின் கால அளவை மட்டும் கையால் தட்டுங்கள். மூன்றாவதாக, வலது கையால் மீட்டாமல், உருளையை மட்டும் உரிய இடங்களுக்கு நகர்த்திக் காட்டுங்கள். பெயரில் தடுமாறினால் கண்ணுக்குப் பழக்கம் போதாது. தட்டும்போது தடுமாறினால் தாளத்தில் பிழை. நகர்த்தும்போது தடுமாறினால் பெயருக்கும் இடத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருக்கிறது. இம்மூன்றும் சரியாக வந்தும் ஒலி பிழையாக இருந்தால், குற்றம் சுருதியிலோ உருளை வைக்கும் முறையிலோ இருக்கும். லாப் ஸ்டீல் மாணவர்களிடம் நான் காண்பவற்றில் பெரும்பகுதி மூன்றாவது வகையைச் சேர்ந்தது. கண்ணைக் குறை சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை.

கீழே சொல்லப்படுவன அனைத்தும் சி சிக்ஸ் என்ற ஆறு தந்திச் சுருதியமைப்பைக் கொண்டே சொல்லப்படுகின்றன. உடலுக்கு அருகிலுள்ள தடித்த ஆறாம் தந்தியிலிருந்து தொலைவிலுள்ள மெல்லிய முதல் தந்தி வரை அது சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று அமையும்.

அறிகுறி: எழுதியபடியே வாசிக்கிறேன், ஆனால் பாட்டு வேறாக ஒலிக்கிறது

முதலில் புத்தகம் எந்தச் சுருதியமைப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். சாதாரண கிட்டாருக்கு ஏறத்தாழ உலகம் முழுவதும் ஒரே சுருதியமைப்பு இருப்பதுபோல் லாப் ஸ்டீலுக்கு இல்லை. 1880களின் பிற்பகுதியில் ஹவாயில் ஜோசப் கெக்குக்கு இந்த வாசிப்பு முறையைத் தொடக்கியதாகச் சொல்லப்படுகிறது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்குப் பின்னர் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. பரவிய இடமெல்லாம் வாசிப்பவர்கள் தமக்கு வசதியான சுருதியை வைத்துக்கொண்டார்கள். பழைய பாடப் புத்தகங்களில் ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ என்ற அமைப்பு அதிகம். உலோக ஒலித்தட்டுப் பொருத்திய கிட்டாரான டோப்ரோவை வாசிப்பவர்கள் ஜி, பி, டி, ஜி, பி, டி என்று வைப்பார்கள். டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்பதும் பரவலாக உள்ளது. இணையத்தில் இறக்கிய தாளொன்றில் சுருதியமைப்பு அச்சிடப்படாமலே இருக்கக்கூடும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழியுண்டு. ஐந்து கோடுகளுக்குக் கீழே டேப்லச்சர் எனப்படும் எண் குறிப்பும் இருந்தால், அதில் 0 என்று எழுதப்பட்ட இடங்களைத் தேடுங்கள். 0 என்றால் வெறுந்தந்தி. அதற்கு நேர் மேலே ஐந்து கோட்டில் எந்தச் சுரம் இருக்கிறதோ அதுவே அத்தந்தியின் சுருதி. 0 கிடைக்காவிட்டால் வேறு எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணலாம்: முதல் தந்தியில் 3ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே அரைச் சுரத்துக்கு ஒன்றாக உள்ள கோடு) என்று எழுதி, மேலே ஜி இருந்தால் முதல் தந்தி ஈ, மேலே எஃப் இருந்தால் முதல் தந்தி டி, ஆகவே அது சி சிக்ஸ் தாள் அல்ல. அத்தகைய தாளில் எண்களை அடித்துவிட்டு, மேலேயுள்ள ஐந்து கோட்டை மட்டும் வாசியுங்கள். இசைக்குறிப்பு வாசிக்கக் கற்பதன் பெரும் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது: எண் குறிப்பு ஒரு சுருதியமைப்புக்கு மட்டுமே செல்லும், ஐந்து கோடு எந்த அமைப்புக்கும் செல்லும்.

சாதாரண கிட்டாரின் தந்திகளை உயர்த்தி, மடியில் வைத்து வாசிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். லாப் ஸ்டீலுக்கென்று விற்கும் தந்தித் தொகுதி ஊர்க் கடைகளில் கிடைக்காதபோது, வழக்கமான தொகுதியையே பூட்டி சி சிக்ஸுக்கு முறுக்கினால் நான்காம், ஐந்தாம், ஆறாம் தந்திகள் அறுந்துவிடக்கூடும். மின் கிட்டாருக்கான மெல்லிய தொகுதியில் ஏ தந்தியை ஆறாம் இடத்தில் பூட்டிச் சி வரையும், டி தந்தியை ஐந்தாம் இடத்தில் பூட்டி ஈ வரையும் ஏற்றலாம். நான்காம் இடத்துக்கு ஜி தந்தி அப்படியே போதும். மூன்றாம் இடத்துக்கு இன்னொரு ஜி தந்தியை வாங்கி ஏ வரை ஏற்ற வேண்டும். பி தந்தி அரைச் சுரம் ஏறிச் சி ஆகும். முதல் தந்தி மாறாது.

அறிகுறி: பெயர் தெரிகிறது, கை தேடுகிறது

பியானோவிலும் ஆர்மோனியத்திலும் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான் உண்டு. லாப் ஸ்டீலில் ஒரே சுரம் பல தந்திகளில் இருக்கும். ஐந்து கோட்டுத் தாள் எந்தத் தந்தி என்று சொல்வதில்லை. இதை யாரும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காததால், மாணவர் தமக்கு மறதி என்று நினைத்துக்கொள்கிறார்.

முதற்கட்டமாக வெறுந்தந்திகள் ஆறும் தாளில் எங்கே விழுகின்றன என்பதை மனதில் பதியுங்கள். கிட்டார் எழுதும் வழக்கப்படி, ஆறாம் தந்திச் சி ஐந்து கோட்டுக்குக் கீழேயுள்ள முதல் துணைக்கோட்டில் இருக்கும். ஐந்தாம் தந்தி ஈ மிகக் கீழ்க் கோட்டில். நான்காம் தந்தி ஜி கீழிருந்து இரண்டாம் கோட்டில். தாளின் தொடக்கத்திலுள்ள ட்ரெபிள் கிளெஃப் குறியின் சுருள் சுற்றிக்கொள்ளும் கோடும் அதுதான். மூன்றாம் தந்தி ஏ அதற்கு மேலுள்ள இடைவெளியில். இரண்டாம் தந்திச் சி மூன்றாம் இடைவெளியில், முதல் தந்தி ஈ மேல் இடைவெளியில். இந்த ஆறும் கேட்ட மாத்திரத்தில் கை செல்லும் அளவுக்குப் பழகிய பின்னர், மற்றச் சுரங்களை அவற்றுக்கு அயலாக எண்ணிக்கொண்டால் போதும்.

அடுத்து, ஒரே சுரத்துக்குரிய இடங்களைச் சேர்த்துப் பழகுங்கள். இரண்டாம் கோட்டு ஜி நான்காம் தந்தியில் வெறுமையாகவும், ஐந்தாம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட்டிலும், ஆறாம் தந்தியில் 7ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். இவற்றில் எதைத் தெரிவுசெய்வது என்பதை அந்த ஒரு சுரத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அடுத்து வரும் மூன்று நான்கு சுரங்களைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். உருளை ஆகக் குறைந்த தூரம் நகரும் வழியே பொதுவாக நல்ல வழி. ஒருமுறை தெரிவுசெய்த பின்னர், பென்சிலால் சுரத்தின் மேல் தந்தி எண்ணைச் சிறு வட்டத்துக்குள் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் குறிக்க வேண்டாம். உருளை இடம் மாறும் இடங்களில் மட்டும் குறித்தால் போதும். எல்லாவற்றுக்கும் எண் போட்டால் நீங்கள் மறுபடியும் எண் குறிப்பைத்தான் வாசிப்பீர்கள்.

எண் குறிப்பிலேயே கண் ஒட்டிக்கொண்டவர்களுக்குப் பரிகாரம் எளிது: கீழேயுள்ள ஆறு கோடுகளைத் தாள் துண்டினால் மறைத்துவிட்டு, முதலிரண்டு கிழமைக்கு வெறுந்தந்திகள் மட்டும் வரும் சிறு பயிற்சிகளை நீங்களே எழுதி வாசியுங்கள். எண் குறிப்பின் மேற்கோடு முதல் தந்தியையே குறிக்கும். மடியில் கிடக்கும் வாத்தியத்தை மேலிருந்து பார்க்கும்போதும் முதல் தந்திதான் அப்பால் இருக்கும். அவ்வளவு இயல்பாகப் பொருந்துவதால்தான் கண் அதை விட்டு வர மறுக்கிறது.

அறிகுறி: சி ஸ்கேலில் வருகிறது, வேறு ஸ்கேலில் எல்லாம் குழம்புகிறது

கர்நாடக சங்கீதம் கற்றவர்களிடம் இதுவே முதன்மையான கோளாறு; அவர்களது பயிற்சியின் பலமே இதற்குக் காரணமாகவும் அமைகிறது. ச என்பது நாம் வைத்துக்கொள்ளும் ஆதார சுருதி. பாடகர் 1 கட்டையில் பாடினால் அங்கே ச. 5 கட்டையில் பாடினால் அங்கே ச. ஆனால் தாளிலுள்ள சி எப்போதும் சியே; அது ஆதார சுருதியோடு நகராது. முதற் பாடங்கள் சி மேஜரில் இருப்பதால் மாணவர் சியைப் பார்த்து ச என்றும் டியைப் பார்த்து ரி என்றும் சொல்லிப் பழகிவிடுகிறார். எஃப் மேஜரில் ஒரு பாட்டு வந்ததும், காது எஃப்பை ச என்று கேட்கிறது, கண் சியை ச என்று சொல்கிறது, கை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தாளை வாசிக்கும்போது சி, டி, ஈ என்ற பெயர்களை மட்டும் சொல்லுங்கள். ச ரி க ம வை இடத்தின் பெயராக எடுக்காமல், ஆதார சுருதியிலிருந்து அச்சுரம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று காட்டும் பெயராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டானிக் சோல்ஃபா முறையில் டோ, ரே, மீ என்று பாடிப் பழகிய தேவாலயப் பாடகர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அவர்களுடைய டோவும் நகரும்.

இவ்வாறு இரண்டையும் பிரித்துக்கொண்டால், லாப் ஸ்டீல் பெரும் வசதியொன்றைத் தருகிறது. சி மேஜர் ஸ்கேலை, அதாவது சங்கராபரணத்தின் ஆரோகணத்தை, வெறுந்தந்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். ஆறாம் தந்தியில் வெறுமையாக ச, 2ஆம் ஃப்ரெட்டில் ரி. ஐந்தாம் தந்தியில் வெறுமையாக க, 1இல் ம. நான்காம் தந்தியில் வெறுமையாக ப. மூன்றாம் தந்தியில் வெறுமையாக த, 2இல் நி. இரண்டாம் தந்தியில் வெறுமையாக மேல் ச. இப்போது வெறுந்தந்தி இருந்த இடத்தில் உருளையை 5ஆம் ஃப்ரெட்டில் வைத்து, அதே வடிவத்தை அங்கிருந்து வாசித்தால் எஃப் மேஜர் கிடைக்கும்: எஃப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி, டி, ஈ, எஃப். தாளின் தொடக்கத்தில் ஒரு ஃப்ளாட் குறி இருக்கக் கண்டால், கை 5ஆம் ஃப்ரெட்டுக்குச் செல்ல வேண்டும். ஒரு ஷார்ப் இருந்தால் ஜி மேஜருக்கு 7ஆம் ஃப்ரெட். இரண்டு ஷார்ப் இருந்தால் டி மேஜருக்கு 2ஆம் ஃப்ரெட். அந்த இடத்தில் வடிவத்துக்குள் விழும் சுரங்கள் எல்லாம் குறியின்படியே தாமாக ஷார்ப்பாகவோ ஃப்ளாட்டாகவோ அமையும்.

கட்டைக் கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு பொறியில் விழுவதுண்டு. 4 கட்டை என்றவுடன் 4ஆம் ஃப்ரெட்டுக்குப் போகிறார்கள். கட்டை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுகிறது. ஃப்ரெட் அரைச் சுரங்களை எண்ணுகிறது. எனவே 1 கட்டை வெறுந்தந்தி, 2 கட்டை 2ஆம் ஃப்ரெட், 3 கட்டை 4ஆம் ஃப்ரெட், 4 கட்டை 5ஆம் ஃப்ரெட், 5 கட்டை 7ஆம் ஃப்ரெட், 6 கட்டை 9ஆம் ஃப்ரெட் என்று வரும். நாலரைக் கட்டை 6ஆம் ஃப்ரெட். ஐந்தரை 8ஆம் ஃப்ரெட்.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை இதே வாத்தியத்தில் வாசிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரி அரைச் சுரம் இறங்குவதால் ஆறாம் தந்தியின் 1ஆம் ஃப்ரெட்டுக்கு வரும். அதில் சிக்கல் இல்லை. த இறங்கும்போது மூன்றாம் தந்தியில் அதற்கு இடமில்லை, ஏனெனில் அத்தந்தி வெறுமையாகவே ஏ. ஆகவே த வை நான்காம் தந்தியின் 1ஆம் ஃப்ரெட்டில், ப வுக்கு அடுத்ததாக எடுக்க வேண்டும். இந்த ராகத்துக்குரிய வழக்கமான ஸ்கேல் குறி மேலைத்தேய எழுத்தில் இல்லாததால், டிக்கும் ஏக்கும் முன்னால் ஃப்ளாட் குறியை ஒவ்வொரு பாரிலும் எழுத நேரும். அக்குறி பார் முடியும்வரை மட்டுமே செல்லும். பார் கோட்டைத் தாண்டினால் மறுபடியும் எழுத வேண்டும். எழுதியவர் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்ற ஐயம் எழுந்தால், பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: சுரம் சரி, ஆனால் பாடகர் குழுவுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது

இது பிழையன்று, வழக்கம். கிட்டார் இசை உண்மையான ஒலியைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது. கிளெஃப்பின் அடியில் சிறிய 8 இருந்தால் அதைத்தான் அது சொல்கிறது. பல புத்தகங்களில் அந்த 8 இல்லாமலும் அதே பொருள்தான். கைத்தொலைபேசியிலுள்ள சுருதிச் செயலி இரண்டாம் தந்தியைச் சி4 என்று காட்டும். தாளிலோ அது பியானோ வாசிப்பவர் சி5 என்று சொல்லும் மூன்றாம் இடைவெளியில் இருக்கும்.

தேவாலயப் பாட்டுப் புத்தகம் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை; அதில் எழுதப்பட்டது எழுதப்பட்ட ஸ்தாயியிலேயே ஒலிக்க வேண்டும். அதைக் கிட்டார் முறையில் வாசித்தால் ஆண்கள் அதே மெட்டைப் பாடும் ஸ்தாயியில் ஒலிக்கும். ஆண்களோடு சேர்ந்து வாசிக்க அது நன்றாகவே இருக்கும். பெண் குரல்களின் ஸ்தாயியிலேயே வேண்டுமென்றால், முதல் துணைக்கோட்டுச் சியை இரண்டாம் தந்தியில் வெறுமையாக எடுத்து, மற்றவற்றை அதிலிருந்து எண்ண வேண்டும். மேல் இடைவெளி ஈ அப்போது முதல் தந்தியின் 12ஆம் ஃப்ரெட்டுக்குப் போகும். தொடக்கத்தில் இந்த இரண்டாம் முறையை நான் பரிந்துரைப்பதில்லை; முன்னர் பதித்த ஆறு அடையாளங்களையும் அது கலைத்துவிடும்.

அறிகுறி: சரியான ஃப்ரெட்டில் வைத்தும் சுருதி பிசகுகிறது

சாதாரண கிட்டாரில் விரலை ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் அழுத்துவோம். லாப் ஸ்டீலில் உருளையின் நடுப்பகுதி ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். தந்தியை அழுத்தவும் கூடாது. கிட்டாரிலிருந்து வருபவர்கள் பழக்கத்தால் உருளையைச் சற்றுப் பின்தள்ளி வைப்பதால் எல்லாச் சுரமும் சிறிது தாழ்ந்து ஒலிக்கும்.

பார்வைக் கோணம் இன்னொரு காரணம். மேல் ஃப்ரெட்களுக்குப் போகும்போது தலை அசையாமல் கண் மட்டும் சாய்ந்து பார்த்தால், உருளை கோட்டுக்கு நேராக இருப்பதுபோல் தோன்றி உண்மையில் விலகியிருக்கும். இருபத்திரண்டரை அங்குலத் தந்தி நீளமுள்ள வாத்தியத்தில் முதல் ஃப்ரெட் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் அகலம். 11க்கும் 12க்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் மட்டுமே. கீழே 2 மில்லிமீற்றர் விலகினால் அரைச் சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகும். மேலே அதே விலகலால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பிசகும். காது கூர்மையானவர்களுக்கு முதலாவதை விட்டுக்கொடுக்கலாம், இரண்டாவதைத் தாங்க முடியாது. ஆகவே புதிய பகுதியை வாசிக்கும்போது, வெறுந்தந்தியையும் அதே தந்தியின் 12ஆம் ஃப்ரெட்டையும் மாறி மாறி மீட்டிக் காதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தந்தியின் சுருதியே நகர்ந்திருக்கவும் கூடும். வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், காலையில் கூட்டிய சுருதி நண்பகலில் இறங்கிவிடும். சூடேறிய உருக்குத் தந்தி நீண்டு தளர்கிறது. ஜன்னலோரம் வைத்த வாத்தியத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். கல்லடி, காரைதீவு போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றால் தந்தி துருப்பிடித்து, உருளை நழுவும்போது கரகரக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிடுவது நல்லது. தாளைக் குறை சொல்வதற்கு முன்னர் செயலியைத் திறந்து ஆறு தந்திகளையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய சுரங்களை வாசிக்க முடியவில்லை

உருளை நேரானது, அது ஒரு நேரத்தில் ஒரே ஃப்ரெட்டைத்தான் எல்லாத் தந்திகளிலும் தொடும். சாய்த்து வைத்தால் இரண்டு ஃப்ரெட்களைத் தொடலாம் என்றாலும் அது பின்னர் கற்க வேண்டியது. எனவே நான்கு குரலுக்கு எழுதிய பாட்டை அப்படியே வாசிக்க முயல்வது வீண். சோப்ரானோ எனப்படும் மேற்குரலின் மெட்டையும் அதற்குக் கீழே மூன்றாம் சுரத்தில் ஓடும் துணைக்குரலையும் எடுத்தாலே லாப் ஸ்டீலின் இனிமை முழுதும் வந்துவிடும்.

அந்த மூன்றாம் சுரச் சோடிகள் இரண்டு வகை. பெரிய மூன்றாம் சுரம், அதாவது நான்கு அரைச் சுர இடைவெளி, இரண்டாம் முதல் தந்திகளில் ஒரே ஃப்ரெட்டில் கிடைக்கும். சிறிய மூன்றாம் சுரம், மூன்று அரைச் சுர இடைவெளி, மூன்றாம் இரண்டாம் தந்திகளில் ஒரே ஃப்ரெட்டில் கிடைக்கும். இதைக் கொண்டு சி மேஜர் முழுவதையும் உருளையைச் சாய்க்காமலே சோடியாக வாசிக்கலாம். சி ஈ இரண்டாம் முதல் தந்திகளில் வெறுமையாக. டி எஃப் மூன்றாம் இரண்டாம் தந்திகளில் 5இல். ஈ ஜி அதே சோடியில் 7இல். எஃப் ஏ இரண்டாம் முதல் தந்திகளில் 5இல். ஜி பி அதே சோடியில் 7இல். ஏ சி மூன்றாம் இரண்டாம் தந்திகளில் 12இல். பி டி அதே சோடியில் 14இல். பின்னர் மேல் சி ஈ இரண்டாம் முதல் தந்திகளில் 12இல். தாளில் இரண்டு சுரங்களும் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு அல்லது இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்கு நிற்பதைக் கண்டவுடன் "மூன்றாம் சுரம்" என்று கண்டுகொள்ளலாம். பெரியதா சிறியதா என்பதை மட்டும் ஸ்கேல் குறியோடு சேர்த்து யோசித்தால், எந்தத் தந்திச் சோடி என்பது தானே தெரிந்துவிடும். இந்த எட்டு இடங்களையும் ஏறியும் இறங்கியும் பழகுவதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

அறிகுறி: சுரங்கள் சரி, பாட்டு அடையாளம் தெரியவில்லை

தாளம். புள்ளி வைத்த குரொச்செட்டும் (குரொச்செட் என்பது ஓர் அடிச் சுரம்) அதையடுத்த குவேவரும் (அதில் பாதி) பெரும்பாலும் குற்றவாளிகள். ஒரு குரொச்செட்டைத் தக என்று இரண்டாகச் சொல்லுங்கள். இரண்டு குரொச்செட் தக தக. புள்ளி வைத்தது முதல் மூன்று அசைகளையும் பிடித்துக்கொள்ளும். குவேவர் கடைசி க வில் விழும். 6/8 தாளத்தைத் தகிட தகிட என்றும், 3/4 தாளத்தைத் தக தக தக என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் ஆறு குவேவர்களே இருந்தாலும் அழுத்தம் விழும் இடம் வேறு என்பது வாயாலேயே புரிந்துவிடும்.

பாட்டு முதல் பாரில் ஒரேயொரு சுரத்தோடு தொடங்கினால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். அது அதீத எடுப்பு. தாளத்தின் முதல் அடிக்கு முன்னரே பாட்டுத் தொடங்குகிறது. அந்தக் குறை பெரும்பாலும் கடைசிப் பாரில் ஈடுசெய்யப்பட்டிருக்கும்.

அறிகுறி: எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இழுபட்டு ஒலிக்கிறது

வளைந்த கோட்டையும் சாய்ந்த கோட்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது இதன் முதற் காரணம். ஒரே உயரத்திலுள்ள இரண்டு சுரங்களை வளைகோடு இணைத்தால், ஒருமுறை மீட்டி இரண்டின் காலத்தையும் பிடிக்க வேண்டும். வெவ்வேறு உயரத்திலுள்ளவற்றை வளைகோடு இணைத்தால், இரண்டாவதை மீண்டும் மீட்டாமல் கொண்டுவர வேண்டும். சுரத் தலைகளுக்கு இடையே நேரான சாய்கோடு இருந்தால் மட்டுமே உருளையால் வழுக்கிச் செல்வது கேட்கப்படுகிறது. உருளையால் வழுக்கி வாசிக்கும் சித்திர வீணை கேட்டு வளர்ந்த காதுக்கு, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்காமல் செல்வது வறட்சியாகத் தோன்றும். ஆயினும் கற்கும் காலத்தில், எழுதாத இடத்தில் வழுக்க வேண்டாம் என்றே சொல்வேன். உருளையைத் தந்தியிலிருந்து எடுக்காமல், வலது கையால் ஒலியை அடக்கி, நகர்த்தி, பின்னர் மீட்டும் பழக்கம் வந்த பிறகு, கமகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

இரண்டாவது காரணம் ஓய்வுக் குறிகள். பாடுபவர் வாயை மூடினால் ஓய்வு கிடைத்துவிடும். புல்லாங்குழல்காரர் மூச்சை நிறுத்தினால் போதும். லாப் ஸ்டீலில் மீட்டிய தந்தி தானாக நிற்காது. ஓய்வுக் குறி வரும் இடத்தில் வலது உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகளில் படியவைத்து ஒலியை வெட்ட வேண்டும்; அதாவது ஓய்வையும் கையால் வாசிக்க வேண்டும். இடது கையின் மோதிர விரலும் சிறுவிரலும் உருளைக்குப் பின்னால் தந்திகளில் மெல்லப் பட்டுக்கொண்டிருந்தால், உருளைக்குப் பின்பக்கத்து முணுமுணுப்பும் அடங்கும். தாளில் ஓய்வுக் குறிகளை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எத்தனை ஓய்வுகளைக் கவனிக்காமலே கடந்து வந்தீர்கள் என்பது தெரியும்.

அறிகுறி: பழைய தாள் வருகிறது, புதிய தாள் வருவதில்லை

பழையதை நீங்கள் வாசிக்கவில்லை, மனப்பாடமாக வாசிக்கிறீர்கள். தெரிந்த மெட்டில் கண் தாளில் இருக்கும், காது முன்னே போய்விடும். இதற்குத் தேவாலயப் பாட்டுப் புத்தகமே நல்ல கருவி. மேல் ஐந்து கோட்டில் தண்டு மேல்நோக்கியவை சோப்ரானோ, தண்டு கீழ்நோக்கியவை அதற்கு அடுத்த குரலான ஆல்டோ. சோப்ரானோ உங்களுக்குத் தெரியும், ஆல்டோவை வாசியுங்கள். மெட்டுத் துணைக்கு வராததால் கண் ஒவ்வொரு சுரத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஆல்டோ பெரும்பாலும் சிறு தூரமே நகர்வதால் உருளைக்கும் இலகு. வேகங்காட்டியான மெட்ரொனோமை நிமிடத்துக்கு 50 குரொச்செட் என்ற வேகத்தில் வைத்து, பிழை விட்டாலும் நிற்காமல், திரும்பிப் போகாமல், எட்டுப் பார்களை ஒரே ஓட்டமாக முடியுங்கள். முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுக்காமல் வேறு பக்கத்துக்குச் செல்லுங்கள். ஒரே பாட்டை மறுநாளும் எடுத்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும். ஆல்டோ பழகிய பின்னர் கீழ் ஐந்து கோட்டிலுள்ள டெனருக்குப் போகலாம். ஆனால் அங்கே தாழ்ந்த சுரங்களுக்குரிய பாஸ் கிளெஃப் இருப்பதால், ஆறு வெறுந்தந்திகளின் இடங்களையும் அந்தக் கிளெஃப்புக்கெனத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும்.